ஆட்டத்தின் முடிவைப் பார்க்காதவர்

ஒரு மனிதர் பட்டுப் பாவின் மேல் செருப்புக் காலோடு நடந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், நூல்தானே, அதற்கென்ன என்பார்கள். ஆரணிக்காரர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகளைத்தான் பாவு என்கிறோம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போட வேண்டும். அறுபதடி நீளம், இடுப்பு உயரம், ஆயிரக்கணக்கான இழைகள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் விடிந்ததும் எங்கள் தெருவில் நாலைந்து பாவுகள் நீண்டு கிடக்கும். சைக்கிளில் வருகிறவர் இறங்கிச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போவார். பால்காரரின் மாடுகூட ஒதுங்கும். ஒரு தடவை சாவு ஊர்வலம் ஒன்று எங்கள் தெரு முனை வரை வந்து, பாவைப் பார்த்துவிட்டு, பறையை நிறுத்தி, பேசாமல் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. நடக்கப் பழகும் குழந்தைக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது அடுப்பைத் தொடாதே. அடுத்தது பாவைத் தொடாதே.

அந்த ஊரில், அந்தத் தெருவில்தான் அவர் இருந்தார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் தெருவிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேட்டுக்காரர் என்றால்தான் தெரியும். இளம் வயதில் கப்பலில் சமையல் வேலைக்குப் போய், அங்கிருந்து இறங்கி, இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு கம்பளி மில்லில் இரவு வேலை பார்த்தவர். விடுமுறை நாட்களில் அந்த ஊர் ரக்பி மைதானத்தில் கேட்டில் நிற்பாராம். எழுபதுகளின் நடுவில், அம்மா செத்துப்போன தந்தி கிடைத்து வந்தவர் திரும்பிப் போகவில்லை. வரும்போது ஒரு கம்பளிக் கோட்டும், காதை மூடும் தொப்பியும், ஒரு பழக்கமும் கொண்டுவந்தார். கோட்டைப் பூச்சி அரித்துவிட்டது. பழக்கம் கடைசி வரைக்கும் இருந்தது.

எந்த இடத்துக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது வெளியே போகும் வழியைத்தான்.

எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில் அவரை உள்ளே விடுவதையே நிறுத்திவிட்டார்கள். படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்துபோய் பக்கக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவார். பகல் காட்சி என்றால் வெயில் திரையில் விழுந்து கதாநாயகனும் வில்லனும் ஒன்றாய் வெளிறிப்போவார்கள். கொட்டகை முழுக்க விசில், வசவு. கொட்டகைக்காரர் ஓடிவந்து, இது என்ன உங்கப்பன் வீட்டுக் கதவா என்று கேட்டாராம். இவர் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டே சொன்ன பதில் எங்கள் தெருவில் வெகுநாள் கிண்டலாக ஓடியது.

"கதவு உங்குளுது சார். ஜனம் உங்குளுது இல்ல."

என் கல்யாணத்திலும் அவர் வேலையைக் காட்டினார். சமையல்காரர்கள் விறகையும் அண்டாக்களையும் சத்திரத்துப் பின்வாசலில் அடுக்கி வைத்திருந்தார்கள். முகூர்த்த நேரத்தில், ஊரே மணையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே உருட்டிக்கொண்டிருந்தார். கெட்டிமேளத்தோடு அந்தக் கடகடச் சத்தமும் சேர்ந்து ஒலித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. என் மாமியாருக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"நல்ல காரியம் நடக்கற எடத்துல பொணம் போற வழி பாத்துகினு கீறான் பாரு," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாசலைக் காலியாக்கி, ஒரு துடைப்பத்தால் பெருக்கியும் விட்டு, அங்கேயே நின்றுகொண்டார். நான் மாலையும் கழுத்துமாக நிமிர்ந்தபோது எனக்குத் தெரிந்தது அவர் முதுகுதான்.

வீட்டிலும் அப்படித்தான். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டார். அவர் மனைவி சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டார். ஒருநாள் பித்தளை அண்டா ஒன்று திருடு போனது. மறுநாளும் கதவு திறந்தேதான் கிடந்தது. அண்டா போனால் வேறு அண்டா என்று அவர் சொன்னதை அந்த அம்மாள் தண்ணீர்க் குழாயடியில் எங்களிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் வேலை செய்த மைதானத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவருக்கு வாய் திறந்துகொள்ளும். டீக்கடை பெஞ்சில் தண்ணீரைத் தொட்டு வரைந்து காட்டுவார். அந்த இடம் ஒரு காலத்தில் கல் வெட்டிய பள்ளமாம். ஊர்க் குப்பையையும் கரிச் சாம்பலையும் வருடக்கணக்காகக் கொட்டிச் சுற்றிலும் மேடாக்கி, மேட்டில் படி வெட்டி, பள்ளத்தில் புல் வளர்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு உட்கார இடம் கிடையாது. படியில் நின்றுதான் பார்ப்பார்கள். மழை வந்தால் அத்தனை பேர் உடம்பிலிருந்தும் ஆவி கிளம்பும். ஒரு வருடம் உலகக் கோப்பை ஆட்டங்கள் அந்தப் பக்கம் நடந்தன. அவர் இருந்த தேசம், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. உலகக் கோப்பையில் நாலே தேசமா என்று டீக்கடையில் சிரிப்பார்கள். நாலு தேசம் வந்தாலும் ஜனம் நாற்பது தேசத்து ஜனம் மாதிரி வந்தது என்பார்.

ஆட்டத்தை எங்களுக்குப் புரியவைக்க அவர் பட்ட பாடு தனிக் கதை. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். எதிராளி கட்டிப்பிடித்துத் தள்ளுவான். இத்தனை தடவை பிடிபட்டால் பந்தை அவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று கணக்கு உண்டு. அது வரைக்கும் எங்கள் ஆட்களுக்குப் புரிந்தது. கபடியைப் பந்தோடு ஆடுகிற மாதிரி என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கையால் பந்தைப் போடுவதென்றால் பின்பக்கமாகத்தான் போட வேண்டும் என்றதும் நம்ப மறுத்துவிட்டார்கள். முன்னால் ஓடிக்கொண்டே பின்னால் போட்டால் எவன் ஜெயிப்பான், கேட்டில் நின்றவனுக்கு ஆட்டம் எங்கே தெரியும் என்று கேலி செய்தார்கள்.

அந்தக் கேலியில் பாதி உண்மை. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது வெளிவாசல்களை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களைப் பார்த்து நிற்பதுதான் அவர் வேலை. எத்தனையோ ஆட்டம், ஒன்றின் முடிவையும் கண்ணால் பார்த்ததில்லை என்பார். சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாராம். உள்ளூர் ஜெயித்தால் சத்தம் கீழிருந்து மேலே வரும். தோற்றால் மேலே தொடங்கிக் கீழே அடங்கும். கூட்டம் போன பிறகு படிகளில் ஒற்றைச் செருப்புகள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கிச் சுவரோரம் வரிசையாக வைப்பதும் அவர் வேலை. "ஒத்தச் செருப்பு உட்டுட்டுப் போனவன் மறுநாள் வருவான்மா. நொண்டிகினு வருவான்," என்று என்னிடம் ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஆரணியில் பெரிய கபடிப் போட்டி வைத்தார்கள். எண்பதுகளின் தொடக்கம். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் வெளி மாநில அணிகள் எல்லாம் வந்து ஆடின. சவுக்குக் கட்டை நட்டு, பலகை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் கட்டி, சுற்றிலும் கேலரி. பெண்களுக்குத் தனியாக ஒன்று, எங்கள் தெருப் பக்கத்து மதில் ஓரமாக. என் வீட்டுக்காரர் கமிட்டியில் இருந்தார்.

கேட்டுக்காரருக்கு அந்த இரண்டு வாரமும் தரையில் கால் பாவவில்லை. கமிட்டிக்காரர்களை விரட்டி விரட்டிப் பேசினார். மைதானத்துக்கு இரண்டு வழிதான் இருந்தது, இரண்டும் ரோட்டுப் பக்கம். பெண்கள் கேலரிக்குப் பின்னால் மதிலை உடைத்து, எங்கள் வீடுகளை ஒட்டி ஓடும் சந்துக்குள் மூன்றாவது வழி விட வேண்டும் என்றார். ஓசியில் ஆட்கள் நுழைவார்கள் என்று செயலாளர் மறுத்தார். வந்தால் வரட்டும், அவனும் வெளியே போகத்தானே வேண்டும் என்று இவர் சொன்னாராம். கடைசியில் தொல்லை தாங்காமல் சம்மதித்துவிட்டார்கள். அவரே கடப்பாரை எடுத்து மதிலில் இரண்டு ஆள் அகலத்துக்கு இடித்தார்.

இடித்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தலையெல்லாம் செங்கல் தூள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"மா, ஒரு வேல. போட்டி முடியற வரைக்கும் அந்தச் சந்துல ஒரு பாவும் நீட்டக் கூடாதுன்னு பொம்பளைங்க கிட்ட சொல்லிடு. நான் சொன்னா சிரிப்பாங்க. நீ படிச்ச பொண்ணு, கேப்பாங்க."

நான் சரி என்றேன். அவர் போகாமல் நின்றார்.

"சும்மா தலைய ஆட்டாத. சொல்லுவியா?"

"சொல்றேன்ணே."

நான் அந்தக் காலத்துப் பி.யு.சி. தெருவில் மணியார்டர் பாரம் நிரப்ப, கடிதம் படிக்க என்னிடம்தான் வருவார்கள். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீடும் பாக்கியில்லை.

சனிக்கிழமை நல்ல மழை. அரையிறுதி ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. இறுதி ஆட்டம் ஞாயிறு காலைக்குத் தள்ளிப்போனது. எங்கள் வீட்டில் கல்யாணச் சேலைக்கான ஒரு முகூர்த்தப் பாவு மூன்று நாளாக நீட்ட இடமில்லாமல் சுருட்டிக் கிடந்தது. வியாழக்கிழமை முதல் தெருவெல்லாம் வெளியூர் வேன்களும் சைக்கிள்களும். இனியும் வைத்திருந்தால் இழை சிக்கிவிடும் என்று மாமியார் புலம்பிக்கொண்டிருந்தார். ஞாயிறு விடிந்தபோது வானம் வெளுத்து நல்ல வெயில் தெரிந்தது. ஊரே மைதானத்தில். சந்து மட்டும் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது.

முதலில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம்; அதற்குப் பிறகு இறுதி ஆட்டம் முடியப் பதினொன்று ஆகும். ஒன்பதரைக்குள் நான் முடித்துவிடுவேன். இதுதான் நான் போட்ட கணக்கு. எத்தனையோ தடவை திருப்பித் திருப்பி இதை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எந்த இடத்திலும் எனக்குத் தப்பாகத் தோன்றவில்லை, அன்றைக்கு. கேட்டுக்காரர் ஆறு மணிக்கு வந்து சந்தைப் பார்த்துவிட்டு, ரோட்டுப் பக்க வாசலை மறித்து யாரோ வேனை நிறுத்தியிருப்பதாக அந்தப் பக்கம் ஓடினார். ஏழு மணிக்கு நானும் எங்கள் தறியில் வேலை செய்யும் இரண்டு பெண்களும் பாவை நீட்டினோம். சந்து குறுகல். பாவின் இரு ஓரத்திலும் சுவருக்கு ஒரு முழ இடைவெளிதான் இருந்தது. மதிலில் உடைத்த வழி, நீட்டிய பாவின் நடுப்பாகத்துக்கு நேர் எதிரே இருந்தது.

மகளை நாத்தனார் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போயிருந்தாள். பச்சைப் பாவாடை, இரட்டைப் பின்னல்.

கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். சனிக்கிழமை மழையில் இறுகிய முடிச்சுகள் ஞாயிறு வெயிலில் நெகிழ்ந்திருக்கின்றன. கேலரி இடிந்து விழவில்லை. ஒரு பக்கமாக மெதுவாகச் சாய ஆரம்பித்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கட்டை முனகுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஏதோ நல்ல பிடி பிடித்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். அடுத்தது ஒரே கூச்சல். அது ஆட்டத்துக் கூச்சல் இல்லை என்று தெரிவதற்குள் மதில் வழியாகப் பெண்கள் சந்துக்குள் வந்துவிட்டார்கள்.

நான் கையில் கஞ்சி தோய்ந்த தூரிகையோடு நிற்கிறேன். எதிரே ஓடிவருகிற கூட்டம். நான் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். ஒரு கையைத் தூக்கித் தடுக்கிற மாதிரி நீட்டி, "பாவு, பாவு" என்று கத்தினேன்.

அவர்கள் நின்றுவிட்டார்கள்.

எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான். வேறு ஊர்ப் பெண்களாக இருந்திருந்தால் என்னையும் பாவையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். இவர்கள் எங்கள் தெருப் பெண்கள், அடுத்த தெருப் பெண்கள், நெசவு செய்யும் பக்கத்துச் சேவூர்ப் பெண்கள். உயிர் பயத்தில் ஓடிவந்தவர்கள், இடுப்பு உயரத்தில் பட்டு பளபளப்பதைக் கண்டதும், கோடு கிழித்த மாதிரி நின்றார்கள். முன்னால் இருந்த ஒருத்தி, பின்னாலிருந்து வந்த நெருக்கலில் தன் உடம்பு பாவின் மேல் விழுந்துவிடாதபடி இரண்டு கையாலும் மதிலைப் பிடித்துக்கொண்டு முட்டுக் கொடுத்தாள். முட்டுக் கொடுத்தது பாவுக்காக. அவளுக்குப் பின்னால் ஜனம் வந்துகொண்டே இருந்தது. சுவரோர இடைவெளியில் ஒவ்வொருத்தியாகப் பக்கவாட்டில் நழுவ முயன்றார்கள். அது போதவில்லை. மதில் வாயில் தலைக்கு மேல் தலை அடுக்கிக்கொண்டது. சத்தம் குறைந்தது. கத்தினவர்களுக்கு மூச்சு இல்லாமல் போனதால் குறைந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சந்து முனையிலிருந்து கேட்டுக்காரர் ஓடிவந்தார். ரோட்டைச் சுற்றி வந்திருக்கிறார். ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். கையை நீட்டினார்.

"கத்தரிய குடுமா."

இழை நறுக்கும் கத்தரி என் இடுப்பில் செருகியிருந்தது. என் கை அதை எடுக்கத்தான் போனது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அது கத்தரியை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டது. அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. பாவைத் தாங்கி நின்ற மூங்கில் கால்களை ஒவ்வொன்றாக உதைத்துத் தள்ளினார். முனையில் இழுத்துக் கட்டியிருந்த கயிற்றை முளையோடு பிடுங்கினார். அறுபதடிப் பட்டும் தொய்ந்து, மழை ஈரம் காயாத சேற்றில் படிந்தது.

அப்போதும் யாரும் வரவில்லை. காலடியில் பட்டு கிடக்கிறது. அதைத் தாண்டக் கால் அகலம் போதாது; மிதிக்க ஒருத்திக்கும் மனம் வரவில்லை. மூச்சுத் திணறிக்கொண்டு, கண் பிதுங்கிக்கொண்டு, குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் அதன் மேல் ஏறினார். டயர்ச் செருப்பு போட்ட காலோடு, பாவின் இந்த முனையிலிருந்து மதில் வாய் வரைக்கும் அழுத்தி அழுத்தி நடந்தார். திரும்பி நின்று, இரண்டு கையையும் தன் பக்கம் இழுத்துக் காட்டினார்.

"மிதிங்க. நூலுதான். மிதிங்கன்றேன், மிதிங்க."

முட்டுக் கொடுத்து நின்றவளின் கையைப் பிடித்து இழுத்து அதன் மேல் நிறுத்தினார். அவள் அழுதுகொண்டே மிதித்தாள். அதற்குப் பிறகு எல்லோரும் மிதித்தார்கள்.

என் மகள் இரண்டாவது வரிசையில் இருந்தாள். நான் கத்தியபோது எனக்கு மூன்று முழத் தூரத்தில் இருந்திருக்கிறாள். நான் பாவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவளைப் பார்க்கவில்லை. நாத்தனார் அவளைத் தலைக்கு மேல் தூக்க முயன்று, முடியாமல், தோளில் அழுத்திப் பிடித்திருந்தாள். குழந்தையின் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. இடது கை வேறு யாருடைய கையோ போலத் தொங்கியது. உதட்டின் நிறத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். அவர்தான் அவளை வாங்கி, சந்து முனைக்கு ஓடி, காற்றில் கிடத்தினார். சற்று நேரம் கழித்து அவள் அழுத சத்தம் கேட்டது.

இறுதி ஆட்டம் நடக்கவேயில்லை. கை கால் முறிந்தவர்கள் நிறையப் பேர். சேவூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கேலரியிலிருந்து விழுந்து அடிபட்டாள் என்றார்கள். சந்தில் நசுங்கினாள் என்றும் சொன்னார்கள். எது உண்மை என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

அன்று மத்தியானம் மகளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். சந்தில் அவர் மட்டும் இருந்தார். சேற்றோடு சேறாகக் கிடந்த பட்டின் மேல் செருப்புகள் சிதறிக் கிடந்தன. பெண்கள் செருப்பு, குழந்தைகள் செருப்பு. ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து மதிலோரம் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

ஊர் அவரைத்தான் குற்றம் சொன்னது. அவர் மதிலை உடைத்ததால்தான் ஜனம் அந்தப் பக்கம் ஓடியது என்றார்கள். வழி வழி என்று வாயில் வைத்துக்கொண்டிருந்தே ஆபத்தை வரவழைத்துவிட்டான் என்றார்கள். கமிட்டிக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டபோது என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாவு யார் வீட்டுப் பாவு என்று தெருவுக்கே தெரியும். ஆனால் அதைப் பற்றி ஒருவரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகூர்த்தப் பாவு போச்சே என்று துக்கம் விசாரித்தார்கள். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. பாவு நீட்டியது யாருக்கும் குற்றமாகவே படவில்லை. "பட்டு மேல செருப்போட நடந்த காலு வெளங்குமா?" என்று என் மாமியார் கேட்டதற்கு, வந்திருந்த பெண்கள், அவர்களில் இருவர் அந்த நெரிசலிலிருந்து பிழைத்தவர்கள், ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ஐந்தாறு நாள் கழித்து அவர் வந்தார். வாசலோடு நின்றார். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"கொழந்த எப்படி கீது?"

"கையில கட்டு போட்டிருக்கு. ராத்திரியில திடுக்கிட்டு எழுந்துக்குறா."

பிறகு நான் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, நான்தான் கத்தனேன்."

"கேட்டுச்சி," என்றார்.

நான் அழ ஆரம்பித்தேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, அது திறந்தே இருக்கிறதா என்று சோதிப்பது போல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே பேசினார்.

"நாலு தேசம் ஆடுச்சின்னு சொல்லுவேன் இல்ல, அந்த வருசம். கடைசி பத்து நிமிசம். ஒருத்தன் பந்த எடுத்துகினு ஓடறான், அப்படி ஒரு ஓட்டம் நான் பாத்ததில்ல. என் கேட்டு இன்னும் தொறக்கல. சாவி கையில கீது. கம்பிக்கு அந்தாண்ட கூட்ட நெரிசல்ல ஒரு பொம்பள தட்டறா. கத்தலமா. மெதுவா தட்டறா. நான் திரும்பிக்கூட பாக்காம, இரு இருன்னு கைய காட்டனேன்."

அவர் கையை உயர்த்திக் காட்டினார். அது சந்தில் நான் நீட்டிய கை.

"நான் ஆட்டத்த பாத்துகினு இருந்தேன்," என்றார்.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இத்தனை வருடமாக ஊர் சிரித்த அந்த முதுகு எதற்காகத் திரும்பியிருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. போகும்போது கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவில் அதிக நாள் இருக்கவில்லை. மகள் வீட்டோடு வெம்பாக்கம் பக்கம் போய்விட்டார். எண்பதுகளின் கடைசியில் அங்கேயே காலமானார் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. துக்க வீட்டு வாசலில் நின்று அவரை யாரென்று சொல்லிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் மகளின் இடது கை இன்றும் முழங்கைக்குக் கீழே சற்று வளைந்துதான் இருக்கிறது. அன்றைக்கு நடந்ததில் அவளுக்குப் பெரும்பாலும் நினைவில்லை. பச்சைப் பாவாடை நினைவிருக்கிறது. அத்தையின் தோள் நினைவிருக்கிறது. காலேஜில் படிக்கும்போது ஒருநாள், தலை வாரிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"யாரோ ஒரு பொம்பள பாவு பாவுன்னு கத்திகினே இருந்தாங்கம்மா. அந்தக் கொரல் மட்டும் அப்பப்ப கனவுல வருது."

அப்படியா என்று கேட்டுவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவள் எங்கே போனாலும் நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஹாலுக்கு எத்தனை கதவு? பஸ்ஸில் நீ எந்த வாசல் பக்கம் உட்கார்ந்தாய்? அவளுக்கு அது எரிச்சல். அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று அவள் தோழிகளிடம் சொல்வது என் காதில் விழுந்திருக்கிறது.

போன தை மாதம் அவளுக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பின்கதவுக்குக் குறுக்கே கேஸ் சிலிண்டர்களும் மடக்கு நாற்காலிகளும் அடுக்கியிருந்தார்கள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்தினேன். கதவைத் திறந்து, ஒரு செங்கல்லை அண்டை கொடுத்தேன். அது நிற்கவில்லை. காற்றில் கதவு திரும்பத் திரும்பச் சாத்திக்கொண்டது. கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். நாத்தனார் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அண்ணி, தாலி கட்டப் போறாங்க. இங்க இன்னா பண்றீங்க? வாங்க ஜல்தி."

"நீ போ. நான் வரேன்."

அவள் என்னையும் கதவையும் பார்த்தாள். அவளும் அந்தச் சந்தில் இருந்தவள். வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

கெட்டிமேளம் மேடையில் தொடங்கி, கூடம் முழுக்க நிறைந்து, என் முதுகில் வந்து மோதியது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஆல்பம் வந்ததும் மகள் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் அட்சதை தூவிக்கொண்டிருக்கிறார்கள். மேடைக்கு வெகு பின்னால், திறந்த கதவின் வெளிச்சத்தில், சின்னதாக ஒரு முதுகு.

"ஏம்மா, நீ பாக்கவே இல்லையா?" என்றாள்.